படகுக்காரர்களின் சத்திரம்

ஸேன்-ஸீர்-லபோப்பி என்ற கிராமத்தை நான் முதலில் அறிந்தது ஆந்த்ரே ப்ரெதோனின் கோடைக்கால விலாசமாகத்தான். ஸர்ரியலிஸத்தைப் பற்றி நம்மிடையே நடந்த பேச்சுகளில் ப்ரெதோன் எப்போதும் பாரிஸ்காரர். 1924-ன் அறிக்கை, காபிக்கடை மேஜைகள், இரவுத் தெருக்கள், நண்பர்களைச் சேர்ப்பது, பிறகு விலக்குவது - இவ்வளவுதான். அவர் தம் கடைசிப் பதினைந்து ஆண்டுகளின் கோடைகளைத் தென்மேற்கு ஃப்ரான்ஸில், லோத் நதிக்கு மேலே ஒரு பாறையில் தொற்றிக்கொண்டிருக்கும் சின்னக் கிராமத்தில் கழித்தார் என்பது பேச்சில் வந்ததில்லை. வந்திருந்தாலும் 'அழகான இடம் போலிருக்கிறது' என்று சொல்லிவிட்டு மேலே போயிருப்போம். இந்தக் கட்டுரை 'அழகான இடம்' என்கிற அந்த இரண்டு வார்த்தைகளைப் பற்றியதுதான்.

ப்ரெதோன் 1951-ல் அங்கே வாங்கிய வீட்டுக்குப் பெயர் 'படகுக்காரர்களின் சத்திரம்'. இந்தப் பெயர்தான் என்னை முதலில் நிறுத்தியது. கிராமம் இருப்பது நதிமட்டத்திலிருந்து ஏறக்குறைய நூறு மீட்டர் உயரத்தில். கீழே நதியில் அப்போது சரக்குப் படகு என்று ஒன்றுகூடக் கிடையாது. 1926-லேயே ஃப்ரெஞ்சு அரசாங்கம் லோத் நதியைப் படகுப் போக்குவரத்துக்குரிய நீர்வழிகளின் பட்டியலிலிருந்து அடித்துவிட்டது. ஆக, கால் நூற்றாண்டாகப் படகே வராத நதிக்கு மேலே, படகுக்காரர்கள் பெயரில் ஒரு வீடு. அதில் ஒரு கவிஞர். யார் இந்தப் படகுக்காரர்கள், எதை ஏற்றிப் போனார்கள், ஏன் வராமல் போனார்கள் என்று கேட்டுக்கொண்டு போனதில், ப்ரெதோனைப் பற்றி நான் வைத்திருந்த அபிப்பிராயமும், அதைவிட முக்கியமாக, என் எழுத்தைப் பற்றி நான் வைத்திருந்த அபிப்பிராயமும் கொஞ்சம் இடம் மாறிவிட்டன.

கிராமம் காவோர் நகரத்துக்குக் கிழக்கே, முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. நான் போனது ஒரு நவம்பரில். பிரயாணிகளின் பருவம் முடிந்திருந்தது. பூஸியெஸ் என்ற சிற்றூரில் இறங்கி, நதியை ஒட்டிய பாதையில் நடந்தேன். லோத் இங்கே அகன்ற நதியல்ல. அவசரமில்லாமல், வளைந்து வளைந்து, இரண்டு பக்கமும் வெளுத்த சுண்ணாம்புக்கல் பாறைச் சுவர்களுக்கு நடுவே போகிறது. இதன் பழைய பெயர் ஓல்த். ஃப்ரெஞ்சில் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் 'ல்' என்கிற சுட்டு நாளடைவில் பெயருக்குள்ளேயே புகுந்து, ஓல்த் லோத் ஆகிவிட்டது. பாறைகளுக்கு மேலே கோஸ் என்று சொல்லப்படும் வறண்ட மேட்டுநிலம். மண் குறைவு, கல் அதிகம், குட்டையான ஓக் மரங்கள். கீழே வளைவுகளின் உட்புறத்தில் மட்டும் நதி கொண்டுவந்து போட்ட வண்டல். ஒரு திருப்பத்தில் தலையைத் தூக்கினால் கிராமம் தெரிகிறது. செங்குத்தான பழுப்பு ஓட்டுக் கூரைகள், அவற்றுக்கு மேல் கோட்டை மாதிரி கட்டிய ஒரு மாதா கோயில், அதற்கும் மேலே இடிந்த கோட்டையின் மிச்சம். அழகான இடம்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன், சில நிமிஷம் நின்று பார்த்தேன்.

வழிகாட்டிப் புத்தகங்கள் எழுதுவதெல்லாம் அந்தக் கோட்டையைப் பற்றித்தான். சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லபோப்பி, கூர்தோன், கார்தய்யாக் என்ற மூன்று பிரபு வம்சங்கள் இந்தப் பாறையைப் பங்குபோட்டு ஆண்டன. 1471-ல் பதினொன்றாம் லூயி கோட்டையை இடிக்கச் சொன்னான். மிச்சமிருந்ததை 1580-ல் நவார் அரசன் ஆன்ரி, பின்னால் நான்காம் ஆன்ரியாக ஃப்ரான்ஸை ஆண்டவன், இடிக்கச் சொன்னான். பிரபுக்கள் கதை அவ்வளவுதான். கோட்டை போன பிறகும் ஊர் முந்நூறு வருஷம் நன்றாகவே வாழ்ந்திருக்கிறது. எதை வைத்து வாழ்ந்தது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

பதில் தெருப்பெயர்களிலும் வாசல்களிலும் இருக்கிறது. ஒரு தெரு பெலிஸ்ஸாரியா. தோல் பதப்படுத்துகிறவர்களின் தெரு. இன்னொன்று பெய்ரோலரி, கொப்பரை செய்கிறவர்களின் தெரு. வீடுகளின் கீழ்த்தளத்தில் அகன்ற வளைவு வாசல்கள். இப்போது அவற்றில் பலவற்றுக்குள் ஓவியக் கடைகளும் மண்பாண்டக் கடைகளும் இருக்கின்றன. முன்னால் அவை பட்டறைகள். அவற்றில் இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவை கடைசல் பட்டறைகள். மேட்டுநிலத்தில் பூயி என்றொரு புதர்மரம் வளர்கிறது. மிக மெதுவாக வளர்வதால் இழை நெருக்கமானது, கெட்டியானது, மஞ்சள் நிறம். அந்தக் கட்டையைக் கடைந்து ஸேன்-ஸீர்க்காரர்கள் பொத்தான் செய்தார்கள், கிண்ணம் செய்தார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஒயின் பீப்பாய்க்குக் குழாய் செய்தார்கள். குழாய் செய்கிறவனுக்கு அந்தப் பக்கத்து மொழியில் தனிப் பெயரே இருந்தது: ரூபினெத்தாய்ரே.

பீப்பாய்க் குழாய் என்பதை நாம் யோசித்துப் பார்த்திருக்க மாட்டோம். ஒயின் புட்டியில் அடைபட்டு வருவது சரித்திரத்தில் பிந்திய சங்கதி. நெடுங்காலம் அது பீப்பாயில் இருந்தது, பீப்பாயில் பிரயாணம் செய்தது, பீப்பாயிலிருந்தே குவளைக்கு இறங்கியது. ஆகவே ஒயின் இருந்த ஒவ்வொரு நிலவறையிலும், ஒவ்வொரு சாராயக்கடையிலும் குழாய் வேண்டும். குழாய் இரண்டு பாகம்: உடல் ஒன்று, அதன் குறுக்கே செருகித் திருகும் சாவி ஒன்று. இரண்டும் தனித்தனியாகக் கடையப்பட்டவை. சாவி ஒரு நூல் இறுகினால் திரும்பாது, ஒரு நூல் தளர்ந்தால் இரவெல்லாம் சொட்டும். காற்று புகுந்தால் பீப்பாய் முழுதும் புளித்துப் போகும். மரத்தில் இவ்வளவு துல்லியத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த ஜனங்கள் இவர்கள். இவர்கள் பெயர் எதுவும் எந்தக் குழாயிலும் இல்லை. ஒயினைப் பற்றி எழுதப்பட்டிருக்கும் ஏராளமான பக்கங்களில் குழாயைப் பற்றி ஒரு வரி தேடுவதே சிரமம்.

இனி அந்தக் குழாய்க்குப் பின்னால் இருந்த ஒயின். காவோர் ஒயினைக் 'கறுப்பு ஒயின்' என்றார்கள். இன்று உலகம் மல்பெக் என்று சொல்லும் திராட்சையை இந்தப் பள்ளத்தாக்கில் கோ என்றும் ஓஸெர்வா என்றும் சொன்னார்கள். கறுத்த தோல், அடர்த்தியான சாறு. 1152-ல் அக்விதேன் கோமகள் எலியனோர் ஆன்ரி ப்ளாந்தஜெனேயை மணந்தாள். இரண்டு வருஷத்தில் அவன் இங்கிலாந்தின் அரசனானான். அதன்பின் மூன்று நூற்றாண்டுகள் போர்தோ துறைமுகம் இங்கிலாந்து மன்னர்களின் துறைமுகம். லண்டன் குடித்த ஒயின் போர்தோ வழியாகப் போயிற்று. லோத்தில் இறங்கிய பீப்பாய்கள் கரோன் நதியில் சேர்ந்து, கரோன் வழியாகப் போர்தோவை அடைந்து, அங்கே கப்பலேறின. வழி ஒன்றுதான். அந்த வழியின் வாயில் போர்தோ உட்கார்ந்திருந்தது.

வாயில் உட்கார்ந்திருப்பவன் என்ன செய்வானோ அதைப் போர்தோ செய்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து அது மன்னர்களிடம் சலுகைகளைச் சேர்த்துக்கொண்டது. மேல்நாட்டு ஒயின், அதாவது காவோர் போன்ற உள்பிரதேச ஒயின், நவம்பர் 11, ஸேன் மார்த்தேன் திருநாளுக்கு முன் நகரத்துக்குள் இறங்கக்கூடாது. பிறகு அந்தத் தேதி கிறிஸ்துமஸ்வரை தள்ளிப்போயிற்று. இது வெறும் தேதி மாற்றமல்ல. அன்றைய ஒயின் அடுத்த கோடைக்குள் புளித்துவிடும். புது ஒயின் யாருடையது முதலில் வடக்கே சேர்கிறதோ அவனுக்குத்தான் விலை. இலையுதிர் காலத்தில் வந்து நிற்கும் அந்நியக் கப்பல்கள் போர்தோ ஒயினை நிரப்பிக்கொண்டு கிளம்பிய பிறகு, குளிர்காலக் கடலுக்கு முன்னால் காவோர்க்காரன் தன் பீப்பாய்களோடு போய் நிற்கவேண்டும். பீப்பாயின் அளவிலும் பேதம் இருந்தது. போர்தோ பீப்பாயின் வடிவம் போர்தோவுக்கு மட்டுமே உரியது. மேல்நாட்டான் வேறு அளவுப் பீப்பாயில்தான் வரவேண்டும். பார்த்த மாத்திரத்தில் இன்ன ஊர்ச் சரக்கு என்று தெரியவேண்டும். இந்த விதிகள் ஐந்து நூற்றாண்டுகள் நீடித்தன. 1776-ல் பதினாறாம் லூயியின் மந்திரி துர்கோ இவற்றை ரத்துசெய்து உத்தரவு போட்டார். அதே வருஷம் மே மாதம் அவர் பதவியை இழந்தார். போர்தோ எதிர்த்துப் பார்த்தது. சலுகைகள் முழுதாக ஓய்ந்தது புரட்சியோடுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாசலில் நிறுத்திவைத்த அதே கறுப்பு ஒயினைப் போர்தோ வியாபாரிகள் வாங்கித் தங்கள் வெளுத்த ஒயினில் கலந்தார்கள். நிறமும் வலுவும் காவோருடையது, பெயர் போர்தோவுடையது. கடைசல்காரனுடைய குழாய் போலவே இந்த ஒயினும் பெயரில்லாமல் வேலை செய்தது. பெயரோடு பிழைத்த இடமும் ஒன்று உண்டு: ருஷ்யா. அங்கே ஆர்த்தடாக்ஸ் மாதா கோயில்களில் நற்கருணைக்கு வழங்கும் இனிப்பான சிவப்பு ஒயினுக்கு இன்றும் பெயர் 'ககோர்'. அதற்கும் லோத் பள்ளத்தாக்குக்கும் இப்போது பெயரைத் தவிர எந்தச் சம்பந்தமும் இல்லை.

நான் நடந்து வந்த பாதைக்கு இப்போது வருகிறேன். பீப்பாய்களை ஏற்றிப் போன படகுக்குக் கபார் என்று பெயர். அடி தட்டையானது, ஆழமில்லாத நீரில் போகக்கூடியது. போகும்போது ஒயின், மரம், மேல்பள்ளத்தாக்கின் நிலக்கரி. வரும்போது உப்பு, உப்பிட்ட மீன், கடல்கடந்து வந்த சாமான்கள். கீழே போவதை நதி பார்த்துக்கொள்ளும். அதிலும் பாறைகளும் ஆலைகளின் அணைகளும் பல படகுகளை விழுங்கியிருக்கின்றன. மேலே வருவதற்குக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்கவேண்டும். மனிதர்கள் இழுத்தார்கள், பிறகு மிருகங்கள் இழுத்தன. ஸேன்-ஸீருக்கும் பூஸியெஸுக்கும் நடுவே கானில் என்ற இடத்தில் பாறை நேராக நீரில் இறங்குகிறது. கால் வைக்கக் கரை இல்லை. ஆகவே 1840-களில், லாக்குகள் கட்டி நதியைச் சீர்செய்தபோது, அந்தப் பாறையின் அடிவயிற்றில் சுமார் முந்நூறு மீட்டருக்கு ஒரு பாதையைக் குடைந்தார்கள். உளியும் வெடிமருந்தும்தான் கருவிகள். தலைக்கு மேல் பாறை கவிந்திருக்கிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தண்ணீர். இழுக்கிற மிருகமும் அதை ஓட்டுகிறவனும் போக எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே அகலம். சுவரில் உளித்தடங்கள் அப்படியே இருக்கின்றன. ஒரு இடத்தில் தற்காலச் சிற்பி தானியேல் மொன்னியே மீன்களும் சிப்பிகளுமாக ஒரு நீண்ட புடைப்புச் சிற்பம் செதுக்கியிருக்கிறார். பிரயாணிகள் படம் எடுத்துக்கொள்வது அதற்கு முன்னால் நின்றுதான். உளித்தடங்களுக்கு முன்னால் யாரும் நிற்பதில்லை. நானும் சிற்பத்தைத்தான் முதலில் பார்த்தேன் என்பதைச் சொல்லிவிடவேண்டும்.

அந்தப் பாதை குடைந்து அரை நூற்றாண்டுகூட முழுதாக வேலை செய்யவில்லை. 1870-களின் பிற்பகுதியில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவுள்ள பூச்சி. திராட்சைக் கொடியின் வேரைத் தின்பது. சில வருஷங்களில் சரிவுகளின் அடுக்குத் தோட்டங்கள் காய்ந்து நின்றன. அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டுவது மருந்து என்று பிறகு தெரிந்தது. ஆனால் ஒட்டுக்கட்டிய மல்பெக் ஆரம்பத்தில் ஒழுங்காகக் காய்க்கவில்லை. நட்டுப் பார்த்துத் தோற்றவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். 1886-ல் காவோரிலிருந்து கப்தெனாக்குக்கு லோத் கரையோடு ரயில் வந்தது. ஏற்றிப்போக ஒயினும் இல்லை, ஏற்றிப்போகப் படகும் வேண்டியதில்லை. பீப்பாய் குறைந்தால் குழாய் குறையும். கடைசல் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. 1926-ல் அரசாங்கம் நதியின் பெயரை அடித்தபோது, ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்ட ஒன்றைக் காகிதத்தில் எழுதிற்று, அவ்வளவே.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். ஜனங்கள் போய்விட்ட ஊரில் யாரும் வீட்டை இடித்துக் கட்டவில்லை. புது வாசல் வைக்கவில்லை. பணமில்லை, தேவையுமில்லை. பதின்மூன்று முதல் பதினாறாம் நூற்றாண்டுவரை கட்டிய வீடுகள் அப்படியே நின்றன. பல இடிந்தும் போயின. இந்த நிற்றலைத்தான் பின்னால் வந்தவர்கள் அழகு என்று கண்டார்கள். 1910-களில் ஓவியர் ஆன்ரி மார்த்தேன் வந்து ஒரு வீடு வாங்கினார். அவருக்குப் பின் வேறு கலைஞர்கள், கலைப்பொருள் சேகரிப்பவர்கள். பிறகு ப்ரெதோன்.

ப்ரெதோன் வந்ததற்கு ஒரு அரசியல் காரணம் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அமெரிக்கப் பிரஜா உரிமையைத் துறந்த காரி டேவிஸ் என்ற இளைஞரைச் சுற்றி 'உலகக் குடிமக்கள்' இயக்கம் கிளம்பியது. 1949-ல் காவோர் நகரசபை தன் நகரத்தை உலகத்துக்குச் சொந்தமானதாக அறிவித்தது. 1950 ஜூனில், எல்லைகளில்லாத உலகச் சாலை ஒன்றைக் காவோரில் தொடங்கிவைக்கும் விழாவுக்கு ப்ரெதோன் வந்தார். தேசங்களைச் சலித்துப்போனவர், நியூயார்க்கில் அகதியாக யுத்த வருஷங்களைக் கழித்தவர், எல்லைகளே வேண்டாம் என்ற கூட்டத்துக்கு வந்த இடத்தில் இரவு வெளிச்சத்தில் இந்தக் கிராமத்தைப் பார்த்தார். மறு வருஷம் வீட்டை வாங்கினார். இங்கே வந்தபின் வேறெங்காவது இருக்கமாட்டோமா என்ற ஏக்கமே தமக்கு நின்றுவிட்டதாக எழுதினார். மனைவி எலீஸாவோடு ஒவ்வொரு கோடையும் வந்தார். பெஞ்ஜமேன் பெரே வந்தார், தொயென் வந்தார். காலையில் நதிப்படுகையில் இறங்கி அகேட் கற்கள் பொறுக்குவது அவர்கள் வழக்கம். 1966 செப்டம்பரில் இங்கேதான் அவருக்கு உடம்பு முற்றியது. பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள், 28-ந்தேதி இறந்தார்.

படகு போன நதியில் அவர் கல் பொறுக்கினார் என்று ஏளனமாகச் சொல்லிவிடுவது சுலபம். அது நியாயமாகாது. ஆனால் 1952 ஜூலையில் நடந்த ஒரு சம்பவம் என்னை விடுவதாக இல்லை. கிராமத்துக்குப் பக்கத்தில், ஸெலே நதிக்கரையில், கப்ரெரெ என்ற ஊரில் பெஷ் மெர்ல் குகை இருக்கிறது. 1922-ல் அந்த ஊர்ப் பையன்கள் கண்டுபிடித்தது. புள்ளிபோட்ட குதிரைகளும் மாமத் யானைகளும் வரைந்த பழங்கற்காலச் சுவர்கள். குதிரைகளின் வயது சுமார் இருபத்தொன்பதாயிரம் வருஷம் என்று இப்போது கணித்திருக்கிறார்கள். ப்ரெதோன் நண்பர்களோடு பார்க்கப் போனார். ஒரு மாமத்தின் கோட்டைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம்: இது பழசுதானா? கையை நீட்டித் தேய்த்துப் பார்த்தார். விரலில் நிறம் ஒட்டியது. குகையை நடத்தியவர் தடியால் அவர் கையில் அடித்தார். கைகலப்பு. வழக்கு காவோர் கோர்ட்டுக்குப் போய், மறு வருஷம் ப்ரெதோனுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. எழுத்தாளர்கள் அவருக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். அவருடைய சந்தேகம் தப்பு, ஓவியங்கள் உண்மையானவைதான்.

இந்தச் சம்பவத்தைச் சிலர் வேடிக்கையாகச் சொல்கிறார்கள், சிலர் நாசகாரமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. காலத்தின் அழகு என்று ஒன்றை முன்னால் வைத்து இதை மரியாதையோடு பார் என்றால், விரலை வைத்துத் தேய்த்துப் பார்ப்பது விமர்சகன் செய்யவேண்டிய காரியம் என்றுதான் நாம் நினைத்து வந்திருக்கிறோம். ஓவியத்தைத் தொடாமலே அதைச் செய்யவேண்டும் என்பது வேறு விஷயம். அந்தக் கை ஏன் குகையில் மட்டும் நீண்டது? பதினைந்து வருஷம் வாழ்ந்த கிராமத்தின் சுவரில் ஏன் நீளவில்லை? படகுக்காரர்களின் சத்திரத்தில் படுத்து எழுந்தவர் அந்தப் படகுக்காரர்களைப் பற்றி ஏன் கேட்கவில்லை?

இதற்கு விடை அவருடைய அழகியலிலேயே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஸர்ரியலிஸ்டுகளுக்குக் 'கண்டெடுத்த பொருள்' ஒரு பெரிய தத்துவம். 1937-ல் வந்த தம் புத்தகத்தில், பாரிஸின் பழைய சாமான் சந்தையில் வாங்கிய ஒரு மரக் கரண்டியைப் பற்றி ப்ரெதோன் விரிவாக எழுதியிருக்கிறார். கைப்பிடியின் அடியில் சின்னச் செருப்பு மாதிரி ஒரு வடிவம். அந்தக் கரண்டி அவருடைய ஆசைகளையும் கனவுகளையும் எல்லாம் திறந்துவிடுகிறது. அதைச் செதுக்கியவன் யார் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. இடமிருக்கவும் முடியாது. பொருள் தன் உபயோகத்தையும் செய்தவனையும் மறந்தால்தான் கண்டெடுத்தவனுக்குச் சொந்தமாகிறது. உழைப்பின் மகிமை என்ற பேச்சு 1928-ன் 'நாத்ஜா'விலேயே அவருக்கு ஆகாது. முதலாளிகளும் கட்சிகளும் அந்தப் பேச்சை எப்படி உபயோகித்தார்கள் என்று பார்த்தால் அவர் கோபம் நியாயமானதே. ஆனால் மகிமை வேண்டாம் என்பது வேறு, உழைப்பே கண்ணில் படாமல் போவது வேறு. ஸேன்-ஸீர்-லபோப்பி அவர் கண்டெடுத்த பொருள்களில் பெரியது. உபயோகம் ஓய்ந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது.

இதைப் ப்ரெதோன்மேல் வைத்த குற்றச்சாட்டாக மட்டும் எழுதி முடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் என் கவிதைகளிலும் ஓடாத செக்கு ஒன்று உண்டு. சில நண்பர்கள் அதைப் பாராட்டியிருக்கிறார்கள். மழையில் நனைந்து, பாசி படிந்து, காலத்தின் மௌனம் அதன்மேல் உட்கார்ந்திருப்பதாக எழுதினேன். அந்தச் செக்கு ஏன் நின்றது, ஆட்டியவன் எங்கே போனான், எண்ணெய் வாங்கிய வீடுகள் பிறகு என்ன வாங்கின என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கவிதை நன்றாக இருந்திருக்கும் என்று சொல்லமாட்டேன், அதற்கு உத்தரவாதமில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவேயில்லை என்பதுதான் சங்கடம். செக்கு நின்றதால்தான் அது எனக்குப் படிமமாகக் கிடைத்தது. மௌனம் காலத்தினுடையதல்ல, ஒரு தொழில் செத்ததனுடையது.

ஒயின் கதைக்குப் பின்பாகம் ஒன்று இருக்கிறது. 1947-ல் காவோருக்குக் கீழே பார்னாக்கில் விவசாயிகள் கூட்டுறவு ஒயின் ஆலை தொடங்கினார்கள். 1956 பிப்ரவரியில் கடும் உறைபனி விழுந்து பள்ளத்தாக்கின் கொடிகளை ஏறக்குறைய முழுதும் கொன்றது. விடாமல் மறுபடி நட்டார்கள்; இந்தத் தடவை மல்பெக்கையே பெரும்பாலும் நட்டார்கள். 1971-ல் காவோர் ஒயினுக்கு 'கட்டுப்படுத்தப்பட்ட பெயர்' என்ற அரசாங்க அங்கீகாரம் கிடைத்தது. குறைந்தது நூற்றுக்கு எழுபது பங்கு மல்பெக், மற்றது மெர்லோவும் தன்னாவும் என்பது விதி. இதற்கிடையே 1853-லேயே ஒரு ஃப்ரெஞ்சுக்காரர், மிஷேல் பூஜே, இந்தக் கொடியை அர்ஜென்டினாவின் மென்டோஸாவுக்குக் கொண்டுபோயிருந்தார். அங்கே அது பெருகி, இன்று உலகத்தின் மல்பெக்கில் பெரும்பகுதி அங்கேதான் விளைகிறது. தங்கள் திராட்சைக்கு வெளியூரில் கிடைத்த பெயரையே காவோர்க்காரர்கள் இப்போது தங்கள் புட்டிகளில் அச்சடித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அந்த அங்கீகாரத்தின் எல்லைக்கோடு பெரும்பாலும் காவோருக்குக் கீழே உள்ள ஊர்களைச் சுற்றிப் போகிறது. ஸேன்-ஸீர்-லபோப்பி அதற்குள் இல்லை. குழாய் கடைந்து கொடுத்த ஊர் ஒயினின் வரைபடத்துக்கு வெளியே நின்றுவிட்டது. அதற்குக் கிடைத்தது வேறொரு சான்றிதழ். 1982-ல் 'ஃப்ரான்ஸின் மிக அழகான கிராமங்கள்' என்றொரு சங்கம் ஏற்பட்டது. ஜனத்தொகை இரண்டாயிரத்துக்கு மேல் போகக்கூடாது, பாதுகாக்கப்பட்ட கட்டிடங்களோ இடங்களோ குறைந்தது இரண்டு இருக்கவேண்டும் என்பவை அதன் நிபந்தனைகளில் சில. ஸேன்-ஸீர் அதில் உண்டு. 2012-ல் தொலைக்காட்சி நேயர்கள் இதையே ஃப்ரெஞ்சுக்காரர்களுக்குப் பிரியமான கிராமமாகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு சான்றிதழ்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். ஒயினின் சான்றிதழ் இது எந்த மண்ணில் விளைந்தது, எந்தக் கொடியில், எப்படிச் செய்தது என்று கேட்கிறது. கிராமத்தின் சான்றிதழ் என்ன மிஞ்சியிருக்கிறது என்று கேட்கிறது. எப்படி உண்டாயிற்று, யார் செய்தார்கள் என்பது அதற்கு அவ்வளவு முக்கியமில்லை. நம் விமர்சனத்திலும் இந்த இரண்டு வகைச் சான்றிதழ்களும் உண்டு. இரண்டாவது வகையைத்தான் நாம் அதிகம் வழங்கியிருக்கிறோம் என்று எனக்குச் சந்தேகம்.

இன்று அந்த ஊரில் வருஷம் முழுவதும் வசிப்பவர்கள் சுமார் இருநூறு பேர். கோடையில் வந்துபோகிறவர்கள் லட்சக்கணக்கில். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்கள் வராவிட்டால் கூரைகள் விழுந்திருக்கும். 1990-ல் ஸேன்-ஸீருக்கும் லுஸெஷுக்கும் நடுவே அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு லாக்குகளைப் பழுதுபார்த்து நதியை மறுபடி படகுக்குத் திறந்தார்கள். படகுகள் வருகின்றன. அவற்றில் ஏறியிருப்பது பீப்பாய் அல்ல, ஜனங்கள். கீழே இருந்து கிராமத்தை அண்ணாந்து பார்க்க வருகிறவர்கள். ப்ரெதோனின் வீட்டில் இப்போது அவர் பெயர் இருக்கிறது. படகுக்காரர்களின் பெயரைச் சொல்ல விசாரித்தால்தான் சொல்வார்கள்.

மாலையில் வந்த வழியே இறங்கினேன். நவம்பர் 11 கழிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அந்தக் காலமானால் பீப்பாய்கள் துறையில் தேதிக்காகக் காத்திருக்கும் சமயம். கானில் பாறையடியில் வெளிச்சம் குறைந்திருந்தது. மொன்னியேயின் மீன்கள் சரியாகத் தெரியவில்லை. சிற்பத்தைத் தாண்டிப் போய், ஒன்றும் செதுக்காத இடத்தில் நின்று சுவரில் கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். இதற்கு யாரும் அடிக்கமாட்டார்கள். விரலில் சுண்ணாம்புப் பொடி ஒட்டியது. உளித்தடம் ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம்கூட இருக்காது. அப்படி முந்நூறு மீட்டர். எண்ண ஆரம்பித்தேன், இருட்டிவிட்டது.